பெட்டியும் கையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"மாயவித்தை செய்வோனுக்குத் தனிக் கருவிகள் துணையா, தடையா?" என்பது எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். நான் வித்தைக்காரன் அல்லேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்து, பதிவேடுகளுக்கு நடுவே காலம் கழிப்பவன். ஆயினும் சிறு வயது முதல் வித்தை பார்ப்பதிலும் வித்தைக்காரர் வரலாறுகளைப் படிப்பதிலும் எனக்கு அடங்காத ஆவல் உண்டு. அதனை அறிந்தவர்கள் என்னை இந்த மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

இப்பொருள் வெறும் பொழுதுபோக்குக்காக எடுக்கப்பட்டதன்று. அடுத்த ஆண்டு விழாவில் நம் காலனிப் பிள்ளைகள் மாயவித்தை நிகழ்ச்சி ஒன்றை நடத்த விரும்புகிறார்கள். அதற்குக் கடையில் விற்கும் வித்தைக் கருவிகள் வாங்கச் சங்க நிதியிலிருந்து ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டிருக்கிறார்கள். "நல்ல கருவி இருந்தால்தான் நிகழ்ச்சி களைகட்டும்" என்பது ஒரு சாரார் கருத்து. "கையில் திறமை இருந்தால் கருவி எதற்கு? பணம் வீண்" என்பது மறு சாரார் கருத்து. இருதரப்பிலும் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். ஆதலின், இரு தரப்பையும் மனத்தில் வைத்தே பேச வேண்டியவனாக இருக்கிறேன்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். நம் முன்னோர் இக்கலையைச் செப்பிடு வித்தை என்று வழங்கினர். பேச்சில் அது செப்படி வித்தை ஆயிற்று. செப்பு என்பது மூடியுள்ள சிறு கலம். சிமிழ் என்றும் சொல்லலாம். கவிழ்த்த செப்புகளின் கீழே பந்தை வைத்து மறைப்பதும், மறைத்ததை வேறொரு செப்பின் கீழே காட்டுவதுமே இவ்வித்தை. மலையாள நாட்டிலும் இதனைச் செப்பும் பந்தும் என்றே கூறுகின்றனர். ஆகவே, கருவியின் பெயராலேயே ஒரு கலைக்குப் பெயரிட்டவர்கள் நாம். கருவியே கூடாது என்று கூறும் நண்பர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதே வேளையில், அந்தக் கருவி எத்தகையது என்பதையும் எண்ணுதல் வேண்டும். செப்பும் பந்தும் யார் வீட்டிலும் கிடைக்கக் கூடியவை. செப்பை வைத்திருக்கும் எல்லாரும் செப்பிடு வித்தைக்காரர் ஆகிவிடுவதில்லை.

கருவியைப் பற்றி நினைக்கும்போது மாயவித்தை மேடைக்கு முன்னால் என் கண்முன் வருவது மாதேஸ்வரன் மலையே ஆகும். நம் காலனிக் குடும்பங்களில் பல ஆண்டுதோறும் சென்று வரும் தலம் அது. மைசூரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், கர்நாடகமும் தமிழகமும் கைகோக்கும் காட்டிடையே அம்மலை நிற்கிறது. இன்று அது சாமராஜநகர மாவட்டத்தில் அடங்கும். 1956-ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்படும்வரை, அம்மலை அடங்கிய கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சேலம், தருமபுரி, ஈரோடு பகுதித் தமிழ் மக்களுக்கு மாதேஸ்வரன் அயலூர்த் தெய்வம் அல்லன். மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாக அவர்கள் திரள் திரளாக வருகிறார்கள். நம் இரயில் சாமராஜநகரத்தோடு நின்றுவிடுவதால், நாம் கொள்ளேகால் வழியாகப் பேருந்தில் போகிறோம்.

அம்மலையின் அடியார்கள் கையில் ஏந்தும் கம்சாளே என்னும் கருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இடக்கையில் கிண்ணம்போல் குழிந்த வெண்கலத் தாளம். வலக்கையில் குஞ்சம் தொங்கும் தட்டையான தாளம். அமர்ந்து மாதேஸ்வரனின் கதையைப் பாடும்போது அது தாளக் கருவி. எழுந்து ஆடத் தொடங்கினாலோ, வலக்கைத் தாளம் தலையைச் சுற்றும். முதுகுக்குப் பின்னே பாயும். காலுக்கடியில் புகுந்து வரும். பக்கத்தில் ஆடுபவரின் கிண்ணத்திலும் சென்று ஒலிக்கும். இவ்வளவிலும் பாட்டின் அடி ஒன்றேனும் தவறாது. கண்ணால் பார்த்தவர்கள், தாளம் கையில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா என்று திகைப்பார்கள்.

கம்சாளே சந்தையில் வாங்கி வீட்டில் வேறு வேலைக்குப் பயன்படுத்தும் பொருள் அன்று. அந்த ஆட்டத்துக்கும் பாட்டுக்குமென்றே அமைந்த தனிக் கருவி அது. ஆயினும், அந்த ஆட்டத்தைப் பார்த்து, "வெண்கலம் நன்றாக ஆடுகிறது" என்று யாரேனும் கூறியதுண்டா? இல்லை. "அந்தப் பெரியவர் கையைப் பார்!" என்றுதான் கூறுவோம். குருவை அடுத்துத் தீட்சை பெற்று, இளமை முதல் பழகிப் பழகி, அந்த வெண்கலத்தை அவர்கள் தம் விரல்களில் ஒன்றாகவே ஆக்கிக்கொண்டார்கள். நம் ஊர்க் கரகாட்டமும் அத்தகையதே. தலைமேல் நிற்கும் கரகத்தைச் செய்தவரை நாம் தேடிப் போவதில்லை. அதனைத் தாங்கும் கழுத்தைத்தான் வியக்கிறோம்.

இதிலிருந்து நாம் ஒன்றை உணரலாம். கருவி தனிப்பட்டதா, பொதுவானதா என்பது முதற்கேள்வி அன்று. பார்ப்பவன் வியந்து நோக்குவது கருவியையா, கையையா என்பதே முதற்கேள்வி.

அதே மலையில், சென்ற தீபாவளித் திருவிழாவின்போது, இதற்கு ஒரு சான்றும் கண்டேன். கடைத்தெரு ஓரத்தில் இரு வித்தைக்காரர்கள் சற்றுத் தள்ளித் தள்ளி இடம் பிடித்திருந்தார்கள். ஒருவர் முதியவர், ஒரு துணிப்பை, மூன்று மரச் செப்புகள், சில துணிப் பந்துகள் தவிர வேறொன்றும் இல்லாதவர். கன்னடமும் தமிழும் கலந்து ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார். பந்துகள் வந்தன, போயின. இறுதியில் மூன்று செப்புகளைத் தூக்கினார். மூன்றின் கீழும் மூன்று எலுமிச்சம்பழங்கள். மற்றவர் இளைஞர், பளபளக்கும் உருளைகள், கதவுள்ள வண்ணப் பெட்டிகள், தானே பூக்கும் பூச்செண்டு ஆகியவற்றை மேசைமேல் பரப்பியிருந்தார். அவரும் நன்றாகவே செய்தார். ஆனால், கூட்டம் கலைந்தபோது காதில் விழுந்த பேச்சைக் கேளுங்கள். முதியவரைப் பார்த்தவர்கள், "என்ன கை அது!" என்றார்கள். இளைஞரைப் பார்த்தவர்கள், "அந்தப் பெட்டி எங்கே விற்கிறது? என்ன விலை இருக்கும்?" என்றார்கள். ஒருவரைக் கண்டவர் கையைப் பற்றிப் பேசினர். மற்றவரைக் கண்டவர் விலையைப் பற்றிப் பேசினர்.

பாவம், அந்த இளைஞர் உழைக்கவில்லை என்று நான் கூறமாட்டேன். அவர் உழைப்பின் புகழைப் பெட்டி வாங்கிக்கொண்டது. இதுவே தனிக் கருவியால் வரும் முதற் கேடு.

இனி, வரலாற்றில் நம்மவர் இருவரைக் காண்போம். இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புகழ் பெற்றவர்கள். ஒருவரை ஆங்கிலேயர் "ராமோ சாமி" என்று எழுதினர். நம் நாவில் அது இராமசாமி. தென்னாட்டிலிருந்து கடல் கடந்து சென்று, இலண்டன் மாநகரில் பல்லாண்டுகள் வித்தை காட்டியவர் அவர். அக்காலத்தில் அங்கே தோன்றிய இந்திய வித்தைக்காரரைப் பற்றி ஹாஸ்லிட் என்னும் புகழ்பெற்ற கட்டுரையாளர், 1821-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். அவர் வியந்தது எதனை? தரையில் அமர்ந்த ஒருவர் நான்கு பித்தளைப் பந்துகளை ஓயாமல் காற்றில் சுழலவிட்டதை! அப்பந்துகளில் மறைவு ஒன்றும் இல்லை. பொறி ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் கையில் வாங்கிப் பார்க்கலாம். பார்த்தாலும் செய்ய முடியாது.

மற்றவர் சென்னையில் வாழ்ந்த சேஷால் என்பவர். காற்றில் அமரும் அந்தணர் என்று அவரைக் குறித்தார்கள். நான்கு கால்களுள்ள ஒரு சிறு பலகை. அதன்மேல் நட்ட ஒரு மூங்கில். அதிலிருந்து நீண்ட சுருட்டிய மான்தோல். அதன்மேல் ஒரு கையை மட்டும் வைத்து, உருத்திராக்கத்தை உருட்டியவாறு அவர் தரைக்கு மேலே அந்தரத்தில் அமர்ந்திருப்பாராம். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு போர்வையைத் திரையாகப் பிடிப்பார்கள். இலண்டனில் வெளிவந்த வார இதழ் ஒன்று 1832-ஆம் ஆண்டில் அவர் படத்தை வெளியிட்டது. மூங்கிலுக்குள்ளும் தோலுக்குள்ளும் இரும்புத் தண்டு ஓடி, ஆடைக்குள் மறைந்த இருக்கை ஒன்றைத் தாங்கியிருக்க வேண்டும் என்னும் விளக்கம் பின்னர்ப் பரவலாயிற்று. இன்று பெருநகரத் தெருக்களில் பொன்வண்ணம் பூசிக்கொண்டு அந்தரத்தில் அமர்ந்து காசு பெறுவோர் செய்வதும் அதுவே.

சேஷாலின் கருவி மிகத் திறமையான தனிக் கருவி. அது வெற்றி பெற்றதன் காரணம் என்ன? அது கருவியாகத் தோன்றவில்லை. மூங்கிற் கோலும், மான்தோலும், மணிமாலையும் தவசியிடம் இயல்பாக இருக்க வேண்டியவை. கண்டவர் தவசியைக் கண்டார்களே ஒழியப் பொறியைக் காணவில்லை. தனிக் கருவி துணை செய்ய வேண்டுமானால், அது அந்த இடத்தில் இருப்பதற்கு இயல்பான காரணம் ஒன்று வேண்டும். அடுக்களையில் சொம்பு இருந்தால் யாரும் கேளார். மேடையில் எதற்கும் பயன்படாத நட்சத்திரப் படம் போட்ட உருளை இருந்தால், மூன்று வயதுக் குழந்தையும் அதனுள்ளே என்ன என்றே கேட்கும்.

ஆயினும், இருவர்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. சேஷாலின் மறைவு வெளியானதும் அவ்வித்தையின் வியப்பில் பெரும்பகுதி போய்விட்டது. இராமசாமியின் பித்தளைப் பந்துகளில் வெளியாவதற்கு ஒன்றுமே இல்லை. மறைவை நம்பி வாழும் கருவிக்கு ஆயுள் குறைவு. பயிற்சியை நம்பி வாழும் கைக்கு ஆயுள் நீளம். கலை நிலைத்தது, கலைஞர்தாம் வாழ்விழந்தார். 1850-ஆம் ஆண்டில் இராமசாமி இலண்டனில் வறுமையில் மறைந்தார் என்பதையும் இங்கே நினைவு கூர்தல் நம் கடமை. தெருவில் வித்தை காட்டுவோரைக் கண்டால் கைதட்டுவதோடு நில்லாமல் காசும் போடுங்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

கருவியை விடச் சொல்லுக்கு ஆற்றல் மிகுதி என்பதற்குப் பிரெஞ்சு நாட்டு இராபர்ட் ஊதென் வரலாறு சான்று. கடிகாரத் தொழிலில் பழகிய அவர், 1845-ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் தம் வித்தை அரங்கைத் திறந்தார். அவரிடம் ஒரு சிறு பெட்டி இருந்தது. அதன் அடியில் இரும்பு; மேடைக்கடியில் மின்காந்தம். மின்சாரம் பாயும்போது எவராலும் பெட்டியைத் தூக்க முடியாது. பாரிசில் இது ஒரு வேடிக்கைப் பொருளாக இருந்தது. மின்காந்தத்தைப் பற்றி மக்கள் அறியத் தொடங்கியதும், அவர்களுடைய ஐயத்தை வேறு பக்கம் திருப்ப அவர் புதிய ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

1856-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பிற்று. அங்கும் அதே பெட்டி. ஆனால், அங்கே அவர், "இப்பெட்டி கனமாகும்" என்று கூறவில்லை. வலிமை மிக்க ஒருவரை மேடைக்கு அழைத்து, "உம்முடைய வலிமையை நான் எடுத்துவிடுகிறேன்" என்னும் கருத்துப்படக் கூறினார். முன்னர் எளிதாகத் தூக்கியவர் இப்போது தூக்க முடியாமல் திணறியபோது, அவையோர் பெட்டியைப் பார்க்கவில்லை. அந்த மனிதரின் தோள்களைப் பார்த்து அஞ்சினார்கள். கருவி ஒன்றே, காந்தம் ஒன்றே. சொல் மாறியது, பொருள் மாறிற்று. ஆட்சியாளர் அயல்நாட்டு மக்களை அச்சுறுத்த அதனைப் பயன்படுத்திய செயலை நான் போற்றவில்லை. வித்தையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதற்கு மட்டும் இதனை எடுத்துக்காட்டினேன்.

"அப்படியானால் பெரிய கருவிகளெல்லாம் வீண்தானா?" என்று எதிர்த் தரப்பினர் கேட்பர். வீண் அல்ல. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். விரல்களுக்கிடையே மறையும் நாணயம் பத்துப் பேர் நடுவே அற்புதம். ஐந்நூறு பேர் அமர்ந்த மண்டபத்தில் கடைசி வரிசைக்கு அது தெரியவே தெரியாது. தெருவில் பாய்விரித்துக் காட்டிய இந்திய மாயக் கலையை உலக மேடைகளுக்கு ஏற்றியவர் வங்காளத்துப் பி. சி. சர்க்கார். 1913-இல் பிறந்து, 1971 ஜனவரியில் ஜப்பான் நாட்டுச் சுற்றுப் பயணத்தின்போதே உயிர் நீத்தவர். அரசவை உடை, வண்ணத் திரைகள், பெரும் பெட்டிகள், இசை, ஒளி எல்லாம் கொண்டது அவருடைய இந்திரஜாலக் காட்சி. அக்கருவிகளின்றி அவ்வளவு பெரிய அரங்குகளை அவர் ஆட்கொண்டிருக்க முடியாது.

ஆனால், அவரும் கருவியைத் தனியே நம்பவில்லை. 1956 ஏப்ரல் 9-ஆம் நாள் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு பெண்ணைச் சுழலும் வாளால் இரண்டாக அறுப்பதாகக் காட்டினார். பின்னர் அப்பெண்ணை எழுப்ப முயன்றும் அவள் எழாதிருக்க, நேரம் முடிந்தது என்று நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் இறந்தேவிட்டாள் என்று அஞ்சியவர்களின் தொலைபேசி அழைப்புகள் நிலையத்தை மொய்த்தன. மறுநாள் சர்க்காரின் பெயர் எங்கும் பரவிற்று. பெண்ணை அறுக்கும் வித்தை அப்போதே பழமையானது. வாளும் பலரிடம் இருந்தது. அன்று வென்றது வாள் அன்று. எந்த நொடியில் எது நிற்க வேண்டும் என்னும் காலக் கணக்கு. மேலும், அவர் நிகழ்ச்சிக்கு நடுநடுவே ஒரு சிறு கலத்தைக் கவிழ்த்து நீரைக் கொட்டிக் காலி செய்வார். சற்று நேரம் கழித்து மறுபடியும் கொட்டினால் நீர் வரும். இப்படி இறுதிவரை வற்றாது. அத்தனை பெரிய பெட்டிகளுக்கு நடுவே மக்கள் வீடு சேரும்வரை மறவாத பொருள்களுள் அந்தச் சிறு கலமும் ஒன்று.

அவருடைய மைந்தர் இளைய சர்க்கார் 1992-ஆம் ஆண்டில் வங்காளத்தில் ஓர் இரயில் வண்டியையே மக்கள் கண்முன் மறையச் செய்தார். இரயில்வேக் காலனியில் நின்று இதனைக் கூறாமல் இருக்க முடியுமா? நம் அலுவலகத்தில் ஒரு பார்சல் மறைந்தாலே ஆறு மாதம் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. ஒரு முழு வண்டி மறைந்ததை எந்தப் பதிவேட்டில், எந்தக் கட்டத்தில் எழுதினார்களோ, நான் அறியேன்!

அன்பர்களே, சிரிப்பு ஒருபுறம் இருக்க, தனிக் கருவியால் வரும் இரண்டாவது கேட்டையும் சொல்ல வேண்டும். அது உயிரைப் பற்றியது. சுங் லிங் சூ என்னும் சீனப் பெயரில் புகழ் பெற்றிருந்த இராபின்சன் என்னும் அமெரிக்கர், துப்பாக்கிக் குண்டைத் தட்டில் பிடிக்கும் வித்தையைப் பல்லாண்டு செய்து வந்தார். அதற்கெனத் தனியே அமைத்த துப்பாக்கி அவரிடம் இருந்தது. 1918 மார்ச் 23-ஆம் நாள் இலண்டன் அரங்கில் அது அவரைக் கைவிட்டது. உட்பகுதி நாளடைவில் தேய்ந்திருந்ததால், வெடிக்கக் கூடாத குழல் வெடித்தது. மறுநாள் அவர் இறந்தார். நம் நாட்டிலும் 2019 ஜூன் மாதத்தில், கொல்கத்தாவில், சங்கிலியும் பூட்டுமாகத் தம்மைப் பிணித்துக்கொண்டு ஹூக்ளி ஆற்றில் இறங்கிய வித்தைக்காரர் ஒருவர் மீண்டு வரவில்லை.

இரயில்வேயில் உள்ள நமக்கு இது புதிய பாடம் அன்று. ஒற்றைப் பாதையில் டோக்கன் பந்து கையில் வந்தால்தான் வண்டியை எடுக்கலாம் என்னும் ஏற்பாடு பல்லாண்டு நம்மைக் காத்தது. ஆயினும், அந்தப் பொறியைத் துடைத்துப் பேணியவரும், பந்தைப் பார்த்து வாங்கிய ஓட்டுநரும் விழித்திருந்ததால்தான் அது காத்தது. கருவி நம் விழிப்புக்குத் துணை. விழிப்புக்கு மாற்று அன்று. நாள்தோறும் சோதிக்கப்படாத கருவி மேடையில் பகையாகும்.

மூன்றாவது கேடு சிறியதுபோல் தோன்றும். ஆனால், நம் காலனிக்கு அதுவே மிக நெருங்கியது. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பண்டிகை நாளில், நம் காலனிச் சிறுமி ஒருத்தி கடையில் வாங்கிய ஒரு சிறு பெட்டியை வைத்து வித்தை காட்டினாள். நாணயம் மறைந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பையன், "பெட்டியைக் கொடு, நான் பார்க்கிறேன்!" என்று எழுந்தான். அவளால் கொடுக்க முடியவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். அவள் முகம் வாடிய வாட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதன் பிறகு அவள் வித்தை காட்டவே இல்லை. குற்றம் அவளுடையது அன்று. அந்தப் பையனுடையதும் அன்று. அவன் கேட்டது இயல்பான கேள்வி. வித்தை முழுவதும் பெட்டிக்குள் இருந்தது. அவள் கையில் ஒன்றும் இல்லை. அதுவே துன்பம். அவளுக்கு நாம் பெட்டியை வாங்கிக் கொடுத்தோம். ஒரு சொல்லையும், ஒரு பழக்கத்தையும் கற்றுக் கொடுத்தோமா?

இன்னும் ஒன்று. கருவியை வெளிப்படையாக வைத்து, "இது வித்தை" என்று கூறுபவன் நேர்மையானவன். கருவியை மறைத்துவிட்டு, "என்னிடம் கருவியே இல்லை, இது தெய்வ அருள்" என்று கூறிப் பணம் பறிப்பவனிடத்தில்தான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். நம் போத்தனூர் சந்திப்பைத் தெரியாத இரயில்வேக்காரர் இல்லை. அந்தப் போத்தனூரில் வாழ்ந்து 2009-இல் மறைந்த பி. பிரேமானந்த், இத்தகைய "அற்புதங்கள்" எப்படிச் செய்யப்படுகின்றன என்பதை ஊர் ஊராகச் சென்று மக்கள்முன் செய்து காட்டினார். பக்தி வேறு, வித்தை வேறு. மாதேஸ்வரனை வணங்க நாம் மலையேறுகிறோம். அங்கே கம்சாளே ஆடும் அடியார், தம் கையில் இருப்பது வெண்கலம் என்பதை ஒருபோதும் மறைப்பதில்லை. நம் பிள்ளைகள் வித்தையைக் கற்றால், வியக்கவும் கற்பார்கள். ஏமாறாமல் இருக்கவும் கற்பார்கள்.

இனி முடிவுக்கு வருகிறேன். தனிக் கருவி துணையா, தடையா என்பதை அறிய இரண்டு கேள்விகள் போதும். முதலாவது: இந்தக் கருவியைப் பிடுங்கிக்கொண்டால், இவனிடம் அவையைக் கால்மணி நேரம் நிறுத்தி வைக்க ஏதேனும் எஞ்சுமா? இரண்டாவது: இந்தக் கருவியை வேறொருவனிடம் கொடுத்தால், அவன் இன்றே வித்தைக்காரன் ஆகிவிடுவானா? முதற்கேள்விக்கு ஆம் என்றும், இரண்டாவதற்கு இல்லை என்றும் விடை வந்தால், அக்கருவி எவ்வளவு தனிப்பட்டதாயினும், எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் துணையே. விடை மாறி வந்தால், அது தடையே.

ஆகவே, செயற்குழுவுக்கு என் பணிவான யோசனை இது. பிள்ளைகளின் விண்ணப்பத்தைத் தள்ள வேண்டா. முழுத் தொகையையும் இப்போதே கொடுக்கவும் வேண்டா. முதல் ஆறு மாதம் அவர்களுக்கு மூன்று செப்பு, சில பந்து, ஒரு கயிறு, ஒரு கைக்குட்டை, ஒரு நாணயம் ஆகியவை போதும். சீட்டுக்கட்டு வேண்டா என்று தாய்மார்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. ஆதலின் அதனைச் சேர்க்கவில்லை! செப்புகளை எங்கும் தேட வேண்டியதில்லை. பெங்களூர் வண்டி நின்று செல்லும் சென்னபட்டணத்தில், மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றும் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். நாம் சொல்லும் அளவில் அவர்கள் செய்து தருவார்கள். நம் பிள்ளைகளுக்குக் கருவியும் கிடைக்கும். ஒரு தொழிலாளிக்கு வேலையும் கிடைக்கும்.

ஆறு மாதம் கழித்து, மாதக் கூட்டம் ஒன்றில் அவர்கள் நம்முன் செய்து காட்டட்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வித்தைக்குத் தானே தமிழில் பேச்சு அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் நிபந்தனை. வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள், திக்காமல், நாணாமல், ஐம்பது பேர்முன் நல்ல தமிழ் பேசுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி வேறு இல்லை. அதன்பிறகு, கடைசி வரிசையில் இருப்பவர்க்கும் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு பெரிய கருவி தேவையென்றால், சங்கம் மகிழ்ச்சியோடு வாங்கித் தரட்டும். ஆனால், தீயும், நீரும், வாளும், பூட்டும் கலந்த வித்தை எந்நாளும் இந்த மேடையில் வேண்டா. மேடை ஏறுவதற்கு முன் ஒவ்வொரு கருவியையும் பெரியவர் ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அதைக் கொடு, நான் பார்க்கிறேன்" என்று கேட்டால், நம் பிள்ளை புன்னகையோடு செப்பை அவன் கையில் கொடுத்து, "நன்றாகப் பார், தம்பி" என்று கூற முடியும். அந்த ஒரு சொல்லைக் கூறும் துணிவைத் தருவதுதான் பயிற்சி. அதனைத் தரக்கூடிய பெட்டி எந்தக் கடையிலும் இல்லை.